டிக்

கிடங்கில் அட்டை எழுதுவது என் வேலை.
பொருள், அளவு, ஆண்டு, நிலை,
வடிவமைத்தவர்.
அந்தக் கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலிதான்.
உப்புக் குடுவையின் மூடிக்கு எத்தனை துளை என்று
யாரோ ஒருவர் ராத்திரியெல்லாம் மண்டையை உடைத்திருப்பார்.
நமக்கு உப்பு விழுகிறது,
அவ்வளவோடு சரி.

இன்று வந்தது ஒரு சுவிட்ச்.
பழம்பல்லின் மஞ்சளில் பேக்கலைட்,
கட்டைவிரல் படுமிடத்தில் மட்டும்
ஒரு துவரம்பருப்புக் கிடக்குமளவு பள்ளம்.
டோபெல்ன் நகரத்து மின்சாமான் ஆலை, 1958.
ரோஸ்விதா க்யூனல் என்று
அதிசயமாய்ப் பெயர் இருக்கிறது.
கூடவே நூலால் கட்டிய நோட்டும்.

நோட்டு முழுக்க ஸ்பிரிங்குகள்.
ஒவ்வொன்றையும் மரச்சட்டத்தில் பூட்டி
நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்குத்
தொட்டிலுக்கு மேலே பிடித்து அழுத்தியிருக்கிறாள்.
பதினேழு: குழந்தை விழித்தது. அழுகை, நாற்பது நிமிடம்.
இருபத்திரண்டு: இமை அசைந்தது.
இருபத்தாறு: நான் தூங்கிவிட்டேன், சோதனை செல்லாது.
முப்பத்தொன்பது, அடியில் கம்பளித் துணுக்குடன்:
இல்கா அசையவில்லை. இருமுறை அழுத்தியும்.
பக்கத்தில் பென்சிலால்
ஒரு குட்டிச் சூரியன்.

கணவன் எக்கார்ட்டுக்கு நூற்பாலையில் பின்னிரவு வரை வேலை.
அவன் வந்து
நடையில் விளக்கைப் போட்டுக் காலணி கழற்றும்போது
பிள்ளை எழக்கூடாது.
இதுதான் தேவை. வேறு எந்தத் தத்துவமும்
நோட்டில் இல்லை.
சுவருக்கும் காதிருந்த நாட்டில்
காதுக்கே எட்டாத ஒன்றை அவள் செய்தாள்,
ஆலை அதைப் பத்து லட்சமாகப் பெருக்கியது.
லெய்ப்ஸிக் கண்காட்சியில் ஒரு பதக்கம்,
பதக்கத்தோடு ஒரு தேநீர்க் கெண்டி.

பிறகொரு பக்கத்தில் தேதி மட்டும்:
1961 ஜூலை 23.
கீழே வெள்ளைத்தாள்.

மீதியைக் காவல்துறைக் கோப்பு சொல்கிறது.
அன்றிரவு அவன் எழுந்தான்,
நடை விளக்கைப் போட்டான்,
இரண்டு சட்டை, சவரக் கத்தி, பணத்தில் சரிபாதி
(எண்ணித்தான் எடுத்திருக்கிறான்),
விளக்கை அணைத்தான்.
காதும் காதும் வைத்தாற்போல் மேற்கே போனான்.
மூன்று வாரத்தில் மதில் எழுந்தது.

அதிகாரி கேட்கிறார்:
படுக்கையிலிருந்து நடைக்கு நான்கடி.
உங்களுக்கு எந்த அரவமும் கேட்கவில்லையா?

பதில், தட்டச்சில்:
கேட்காது.
நான்தான் செய்தேன்.

அடுத்த ஆண்டு புது மாதிரி வந்தது.
அதே பள்ளம், அதே மஞ்சள்,
உள்ளே மட்டும் தடித்த ஸ்பிரிங்.
அழுத்தினால் டிக்,
அக்ரோட்டு உடைவது போல.
வடிவ மாற்றப் படிவத்தில்,
காரணம்: பயனர் புகார்.
புகார்களின் எண்ணிக்கை: ஒன்று.
மேலாளர் கையெழுத்திட்டிருக்கிறார்,
படித்துவிட்டா படிக்காமலா தெரியவில்லை.

என் குடியிருப்பில் இன்னும் அந்த இரண்டாவது மாதிரிதான்.
ஐந்து மாடி, மெல்லிய சுவர்.
விடிகாலை நாலரைக்கு மேல்வீட்டில் ஒரு டிக்,
ட்ராம் ஓட்டும் வைட்லிஷ் கிளம்புகிறார்.
எதிர்வீட்டு மாணவி
மூன்று மணிக்கு டிக், மூன்றேகாலுக்கு டிக்,
தேர்வோ காதலோ.
என் மனைவி பாதித் தூக்கத்தில் கேட்பாள்:
எங்கே போறே?
தண்ணி குடிக்க என்பேன்.
திரும்பிப் படுத்துக்கொள்வாள்.
இத்தனை வருடமாய் அந்தச் சத்தத்தைத்
திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

கிடங்கில் யாருமில்லை.
பழையதை எடுத்து ஒருமுறை அழுத்தினேன்.
கம்பி இல்லை, பல்பு இல்லை,
ஓசையும் இல்லை.
அழுத்தினேனா என்றே சந்தேகம் வந்து
இன்னொரு முறை அழுத்தினேன்,
ஏனோ கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

நிலை என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறேன்:
நன்றாக இயங்குகிறது.